இன்பராணியின் கேரவனுக்கு ஒரு கைப்பிடி

1

இந்தக் கதை எனக்குச் சோற்றுத் தட்டின் வழியாக வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என் மகள் அபூர்வா நகக்கண்ணெல்லாம் கிரீஸோடு வீட்டுக்கு வந்து, ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "அம்மா, இன்னிக்கு என்னால ஒரு பெரிய கட்பட் ஆயிடுத்து" என்று ஆரம்பித்தாள். கட்பட் என்றால் எங்கள் டெல்லித் தமிழில் குளறுபடி. ("சோப்புப் போட்டுக் கழுவினியா?" என்று நான் கேட்டதில் கொஞ்ச நேரம் சண்டையில் போயிற்று. அதைக் கதையில் சேர்க்கவில்லை.)

அபூர்வா குர்கானில் ஒரு நிதி நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். வாரமெல்லாம் கம்ப்யூட்டர். ஞாயிறானால் பழைய வண்டிகளுக்கு உயிர் கொடுக்கிற ஒரு கும்பலோடு கிளம்பிவிடுவாள். கல்யாணப் பேச்சை எடுக்க எனக்கு இருந்த ஒரே கிழமையையும் பழைய இரும்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள்.

நான் இந்த டெல்லியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். ஊரார் பிள்ளைகள் எத்தனையோ பேர் என்னிடம் அ, ஆ படித்துப் போனார்கள். என் மகள் ஒரு கடைப் பலகையை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் பஸ் அடுத்த நிறுத்தம் போய்விடும். ஆகவே அவளைப் பற்றி இங்கே நான் என்ன எழுதினாலும் அவளாகப் படித்துவிட மாட்டாள். நானே வாசித்துக் காட்டினால்தான் உண்டு. காட்டினேன். அந்த வம்பு பின்னால் வரும்.

கேரவன் என்றதும் நடிகர்கள் ஏ.சி. போட்டு உட்கார்ந்திருக்கும் பஸ்ஸை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது எஞ்சின் இல்லாத வண்டி. ஒரே அச்சு, இரண்டு சக்கரம். அலுமினியத் தகடு போர்த்திய ஒரு சின்ன மர அறை. காரின் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போக வேண்டும். நிறுத்திய இடத்தில் ஆடாமல் நிற்க நான்கு மூலையிலும் நான்கு இரும்புக்கால்கள் இருக்கும். ஒரு நீளமான கைப்பிடியைச் செருகிச் சுற்றினால் கால் தரைக்கு இறங்கும், திருப்பிச் சுற்றினால் மேலே ஏறும். அந்தக் கைப்பிடியைப் பற்றித்தான் இந்தக் கதை.

2

தொடக்கம் அமையவில்லை. முயன்று பார்த்தவற்றை மறைக்காமல் வைக்கிறேன்.

டெல்லியை மூடுபனி போர்த்தியிருந்த ஒரு ஜனவரிக் காலையில்

(வேண்டாம். டெல்லியைப் பற்றித் தமிழில் யார் எழுதினாலும் முதலில் மூடுபனியைத்தான் இறக்குகிறார்கள். அது எங்களுக்கே மூச்சு விட விடமாட்டேன் என்கிறது, கதையாவது பிழைத்துப் போகட்டும்.)

இன்பராணி, பெண், ஐம்பதுகளின் கடைசி, தலைமை நர்ஸ், கணவரைப் பிரிந்து

(இது ஆஸ்பத்திரிக் கட்டிலில் தொங்குகிற அட்டை.)

எஞ்சின் இல்லாத வண்டி தானாக எங்கும் போகாது. இன்பராணியும் அப்படித்தான்

(கெட்டிக்காரத்தனம். இதை எழுதிவிட்டு ஒரு நாள் முழுக்கப் பெருமையாகத் திரிந்தேன். மறுநாள் அடித்துவிட்டேன். இன்பராணி தூத்துக்குடியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு தனியாக ரயிலேறி இந்த ஊருக்கு வந்தவள். அவளை யாரும் இழுத்து வரவில்லை.)

'அவள்' என்று எழுதுகிறேனே தவிர, நேரில் கண்டால் எழுந்து நிற்பேன். ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன், ஐ.என்.ஏ. மார்க்கெட்டில். அபூர்வா தூரத்திலிருந்து காட்டினாள். கருவாட்டுக் கடையில் நின்று நெத்திலியை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்துகொண்டிருந்தார். கதைக்குள் மரியாதை கொடுத்தால் பக்கத்தில் போய் உட்கார முடிவதில்லை. அதனால் அவள்.

ஆக, நெத்திலியிலிருந்தே தொடங்குகிறேன்.

3

இன்பராணியைக் கல்யாணம் செய்துகொண்டு லூர்துராஜ் டெல்லிக்கு வந்த புதிதில் அவர்களுக்கு முனிர்காவில் ஒரு அறை கிடைத்தது. கருவாடு வறுத்த அன்றே அது போயிற்று. அடுத்த அறையும் அப்படியே. மூன்றாவது வீட்டுக்காரர், "மீன் சாப்பிடுவீர்களா?" என்று கேட்டபோது லூர்துராஜ் இல்லையென்று தலையாட்டினான். இன்பராணியின் பெட்டியில் இருந்த கருவாட்டு வாசனை காட்டிக்கொடுத்துவிட்டது.

அவர்கள் போய்க்கொண்டிருந்த மாதா கோயிலின் ஃபாதர்தான் கேரவனைக் காட்டினார். எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் தம்பதி அதை இழுத்துக்கொண்டு தேசம் தேசமாகத் தாண்டி வந்தார்கள். டெல்லியில் அச்சு முறிந்தது. வண்டியைக் கோயில் வளாகத்தில் விட்டுவிட்டு விமானத்தில் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு கிறிஸ்துமஸ் குடில் சாமான்களை அதில் போட்டு வைத்திருந்தார்கள். மூன்று ராஜாக்களையும் ஆட்டுக்குட்டிகளையும் வெளியே எடுத்துவிட்டு இன்பராணியும் லூர்துராஜும் உள்ளே போனார்கள்.

அவன் ஏ.சி. மெக்கானிக். படுத்தால் வண்டி ஆடும் என்று முதல் நாளே கண்டுபிடித்துவிட்டான். ஒருவர் புரண்டால் மற்றவர் விழித்துக்கொள்வார். மண் தினமும் கொஞ்சம் அமுங்கும். ஆகவே தினமும் பொழுது சாய்ந்ததும் கைப்பிடியை எடுத்துக்கொண்டு நான்கு மூலைக்கும் போவான். உள்ளே இன்பராணி மடக்கு மேசையில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

"இன்னும் ஒரு சுத்து. ஐயோ, அந்தப் பக்கம் வழியுது."

"இப்பம்?"

"இப்பம் சரி. போதும், உள்ள வாங்க."

தண்ணீர் டம்ளரின் விளிம்பில் சமமாக நின்றால் அன்றைய நாள் முடிந்தது. அவளுடைய வாழ்க்கையில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவள் நிச்சயமாக அறிந்த நேரம் அதுதான். பிற்பாடு அப்படி ஒரு நேரம் வரவில்லை.

பிறகு அவளுக்குக் கிட்வாய் நகரில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. இரண்டு அறை, சமையலறை, பால்கனி. கேரவனில் கோபித்துக்கொண்டு போய் உட்கார இடமே இல்லை. குவார்ட்டர்ஸில் ஆளுக்கொரு அறை இருந்தது. அவன் ஊருக்கே போய்விடலாம் என்றான். அவள் நிரந்தர வேலையை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றாள். ஒரு வருஷம் ஊர் மாதா திருவிழாவுக்குப் போனவன் திரும்பவில்லை. "நீ வா" என்று அவனும், "நீங்க வாங்க" என்று அவளும் கொஞ்ச காலம் போனில் சொல்லிக்கொண்டார்கள். அப்புறம் அதுவும் நின்றது. கோர்ட்டுக்கு யாரும் போகவில்லை. இரண்டு பேரும் இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

கைப்பிடி அவனுடைய கருவிப் பைக்குள் இருந்தது. பையோடு அதுவும் போயிற்று.

(இந்த இடத்தில் எனக்கு லூர்துராஜ் மேல் சந்தேகம் வந்தது. ஒரு கெட்டவன் கிடைத்தால் எழுதுகிறவர்களுக்குப் பாதி வேலை குறைவு. குடிகாரனாக்கிப் பார்த்தேன். ஊரில் இன்னொரு குடும்பம் இருப்பதாக அரைப் பக்கம் எழுதினேன். ஒட்டவே இல்லை. மனைவியின் தூக்கம் கெடக்கூடாது என்று தினமும் நாலு மூலையும் சுற்றி வந்தவன் அவன். கெட்டவன் இல்லாமல் இரண்டு நல்லவர்கள் பிரிந்துபோவதுதான் ரொம்பவும் நடக்கிறது, எழுதத்தான் வரமாட்டேன் என்கிறது.)

4

இப்போது நிகழ்காலம். கோயிலில் வண்டி நிறுத்த இடம் போதவில்லை. போன வருஷ மழை முடிந்ததும் கேரவனை எடைக்குப் போட முடிவு செய்தார்கள். பூசை முடிந்து வெளியே வந்த இன்பராணி, பழைய இரும்பு வாங்கும் கபாடிக்காரன் அலுமினியத் தகட்டைத் தட்டிப் பார்ப்பதைக் கண்டாள். "ஹாத் மத் லகானா!" (கை வைக்காதே) என்று அவள் போட்ட சத்தத்தில் புறாக்கள் பறந்தன. ஏன் கத்தினோம் என்று அவளுக்கே அப்போது தெரியவில்லை.

ஃபாதர் நல்லவர். ஈஸ்டருக்குள் வண்டி தன் சக்கரத்திலேயே உருண்டு வெளியே போகிற நிலைக்கு வந்தால் அவளே எடுத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் கபாடி என்றார். யாரோ சொல்லி, யாரோ படம் அனுப்பி, விஷயம் அபூர்வாவின் கும்பலுக்குப் போயிற்று.

கும்பலின் தலைவர் ரத்தினவேல். ஈரோட்டுக்காரர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். கேரவனை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டு, "மரமெல்லாம் கரையான் தின்னு போட்டுதுங்க. ஆனாச் சட்டம் நல்லா இருக்குது. பண்ணிப்போடலாமுங்க சிஸ்டர்" என்றார். வளாகத்தை விட்டு வெளியே எடுத்த பிறகு சத்தர்பூரில் ஒரு நண்பருடைய தோட்டத்தில் நிறுத்திக்கொள்ள இடமும் அவரே ஏற்பாடு செய்தார்.

அதிலிருந்து ஞாயிறு தவறவில்லை. கீர்த்தி நகரில் மரம் வாங்கினார்கள். மாயாபுரியில் அச்சு தேடினார்கள். கோழிக்கோட்டில் முகம் தெரியாத ஒருவர் ஜன்னல் ரப்பரைச் சுருட்டி அனுப்பினார். ஜெய்ப்பூரிலிருந்து கதவுத் தாழ் வந்தது. டிரெஸ்ஸிங் மாற்றிப் பழகிய கை என்பதால் இன்பராணிக்குத் துரு சுரண்டும் வேலை. சீக்கிரமே அவளுக்குத் துருவைப் பார்த்துச் சொல்ல வந்துவிட்டது. சிவப்புப் பொடியாக உதிர்ந்தால் இந்த மழையில் பிடித்தது. கறுப்பாகச் செதில் செதிலாகப் பெயர்ந்தால் பல வருஷமாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

இந்தக் கும்பலுக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. கதை இவற்றின் மேல்தான் நிற்கிறது, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ஒன்று: ஒரு பாகம் காணாமல் போயிருந்தால் முதலில் கேட்க வேண்டும், பிறகு வாங்க வேண்டும், கடைசியில்தான் புதிதாகச் செய்ய வேண்டும். யாரிடம் கேட்பது? அந்தப் பாகம் கடைசியாக யார் கையில் இருந்ததோ அவரிடம். அவரைக் 'கடைசிக் கை' என்பார்கள். கடைசிக் கையைக் கேட்காமல் டூப்ளிகேட் செய்வது இவர்களிடையே பெரிய அவமானம்.

இரண்டு: கேட்கும்போது வண்டி யாருடையது என்று சொல்லக் கூடாது. ஆசைப்படுகிற ஆள் யாரென்று தெரிந்தால் விலை ஏறும். 'க்ளப்புக்கு' என்று மட்டும் சொல்ல வேண்டும்.

5

மற்றதெல்லாம் கிடைத்துவிட்டது. மூலைக்கால் கைப்பிடி மட்டும் இல்லை. நான்கு காலும் மண்ணில் ஊன்றியபடி நின்றன. அவற்றை ஏற்றாமல் வண்டி நகராது.

பைப் ரெஞ்சால் திருகினால் ஏறாதா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். அபூர்வாவும் கேட்டாள். ரத்தினவேல் வாயைத் திறப்பதற்குள் இன்பராணி, "வேண்டாம்லா! மரை போயிரும்" என்றாள். அவள் சொன்ன வேகத்தைப் பார்த்து எல்லோரும் நம்பிவிட்டார்கள். மரை போகாது. அவளுக்கும் தெரியும்.

"கடைசிக் கை யாருங்க சிஸ்டர்?"

"இருக்காவ ஒருத்தவுக. நானே கேட்டுக்கிடுதேன்."

அவளுடைய முகத்தை அபூர்வா அன்று கவனிக்கவில்லை. நான் கவனித்திருப்பேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

அவனோடு பேச ஒரு காரணம் கிடைத்துவிட்டது. பேசாமலேயே இத்தனை வருஷம் போன பிறகு ஒருத்தி தன் புருஷனுக்குச் சும்மா போன் செய்ய முடியுமா? செய்தால் அவன் என்ன நினைப்பான், அவனுடைய அக்காள் என்ன நினைப்பாள், அவளே தன்னைப் பற்றி என்ன நினைப்பாள்? கைப்பிடி வேண்டும் என்றால் விஷயம் வேறு. அது ஒரு சாமான். சாமானைக் கேட்க யாரும் கூச்சப்பட வேண்டாம்.

நான் தொடக்கம் தேடிக்கொண்டிருந்தேன் அல்லவா, அவளும் தேடினாள். டூட்டி அறையில், மெட்ரோவில், ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டே தேடினாள்.

"ஏங்க, நான் இன்பராணி பேசுதேன்." (பெயரைச் சொன்னால் பேங்கிலிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது.)

"நல்லாருக்கீகளா?" (இல்லை என்று சொல்லிவிட்டால்?)

"நம்ம வண்டி இன்னும் நிக்கி." (நம்ம என்று சொல்லலாமா? அந்த வண்டி என்று சொல்லலாம். இல்லை, நம்ம வண்டிதான்.)

"சாப்பிட்டாச்சா?" (இதைக் கேட்கிற உரிமை இருக்கிறதா இல்லையா என்று யோசித்ததில் அவள் இறங்க வேண்டிய ஸ்டேஷன் தாண்டிப் போயிற்று.)

ஒவ்வொரு ஞாயிறும் ரத்தினவேல் கேட்பார். "இந்த வாரம் கேக்கேன் அண்ணாச்சி" என்பாள். அவள் தள்ளிப் போடவில்லை, வைத்துச் சாப்பிட்டாள். நாளைக்குப் பேசலாம் என்று ஒவ்வொரு நாளும் இருப்பது அவளுக்குப் பழக்கமில்லாத சுகம். அவளுக்கு லூர்துராஜின் குரல் வேண்டும். 'இப்பம்?' என்று வெளியிலிருந்து கேட்கிற அந்தக் குரல். வண்டி அதற்கு ஒரு சாக்கு, கைப்பிடி அந்தச் சாக்குக்கும் சாக்கு.

6

இந்தப் பகுதியில் என் மகள் தப்பு செய்கிறாள். அவளைக் காப்பாற்றுவதற்காகக் கௌஷிக் என்று ஒரு பையனைப் படைத்து, தப்பை அவன் தலையில் கட்டி எழுதினேன். வாசித்துக் காட்டியபோது கேட்டுக்கொண்டிருந்தவள், "யார் அம்மா இந்த கௌஷிக்? அது நான் பண்ணினது. என்னோட கல்தியை ஏன் இன்னொருத்தனுக்குத் தரே?" என்று எரிந்து விழுந்தாள். ஆகவே கௌஷிக்கை நீக்கிவிட்டேன். பாவம், இரண்டு பக்கம் உயிரோடு இருந்தான். நல்ல பையன்.

அபூர்வா செய்தது இவ்வளவுதான். ஈஸ்டர் நெருங்கியது. ஆன்ட்டி வேலை மும்முரத்தில் மறந்துவிடுகிறார் என்று அவளுக்குத் தோன்றியது. ஆன்ட்டிக்கு ஒரு சர்ப்ரைஸ் கொடுக்க நினைத்தாள். அந்தக் காலத்தில் கேரவனில் யார் இருந்தார்கள் என்று ஃபாதரிடம் விசாரித்து, கோயில் குழுவில் ஒருவரைப் பிடித்து, அவர் வழியாகத் தூத்துக்குடி நம்பரை வாங்கிப் போன் செய்துவிட்டாள். இன்பராணியின் கணவர் என்று அவளுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "தெரியும்மா. ஆனா செபரேட் ஆனவங்கதானே, ஆன்ட்டிக்குப் பேசக் கஷ்டமா இருக்கும்னு நான் பேசினேன்" என்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளின் நல்ல மனசு இருக்கிறதே, அது பார்த்து வரவே வராது.

"அங்கிள், டெல்லிலேர்ந்து பேசறேன். கேரவன் கால் சுத்தற ஹேண்டில் உங்ககிட்ட இருக்கா?"

"இருக்கு."

"அச்சா! எங்களுக்கு வேணும் அங்கிள்."

"யாருக்கு பாப்பா?"

"எங்க க்ளப்புக்கு அங்கிள்."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து அபூர்வா "ஹலோ, ஹலோ" என்றாளாம். பிறகு அவர், "அட்ரஸ் அனுப்பு, அனுப்பி வைக்கேன்" என்றார். காசு வேண்டாம் என்றுவிட்டார்.

"அந்தச் சத்தமில்லாத நேரத்துல பின்னால ஏதாவது கேட்டுதா? யாராவது பேசினாளா? டி.வி. ஓடித்தா?" என்று நான் துருவித் துருவிக் கேட்டேன்.

"காக்கா கத்தித்து" என்றாள் அபூர்வா. எனக்குக் கிடைத்தது அந்தக் காக்காய் ஒன்றுதான்.

7

அந்த ஞாயிறு எல்லோரும் இருந்தார்கள். கேரவன் புதுத்தகட்டோடு வெயிலில் பளபளத்தது. நீலத் திரை போட்டிருந்தது. அபூர்வா பார்சலைப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்து இன்பராணியின் கையில் வைத்தாள். துணியும் பிளாஸ்டிக்கும் சுற்றியிருந்தது. பிரித்ததும் கைப்பிடி. கும்பல் கைதட்டியது. ரத்தினவேல் விசிலடித்தார்.

இன்பராணி அதைப் பார்த்தபடியே நின்றாள். அவள் இன்னும் கேட்கவே இல்லை. கேட்பதற்கு முன்பே வந்துவிட்டது. இனி எதைச் சொல்லிப் பேசுவது? அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் இவ்வளவு பிள்ளைகள் கைதட்டும்போது அழ முடியுமா? சிரித்தாள். "நீயே சுத்தி ஏத்துங்க ஆன்ட்டி, யூ மஸ்ட்" என்று அபூர்வா நீயும் நீங்களுமாகக் குதித்தாள்.

முதல் மூலைக்குப் போனாள். செருகிச் சுற்றினாள். கால் மண்ணை விட்டு ஏறியது. இரண்டாவதும் ஏறியது. மூன்றாவது முடிந்தபோது உள்ளங்கை வழுக்கியது. விரலைப் பார்த்தாள். கிரீஸ். முந்தானையால் துடைக்கப் போனவள் நிறுத்தினாள்.

பழைய கிரீஸ் கறுத்துக் கட்டியாகப் போய்விடும். இது தேன் நிறத்தில் இருந்தது. நகத்தால் சுரண்டினாள். அடியில் இரும்பு, பளிச்சென்ற இரும்பு. சிவப்புப் பொடி இல்லை, கறுப்புச் செதில் இல்லை. வளைவுக்குள், மரைக்குள், துணி நுழையாத இடத்தில்கூட ஒரு பொட்டுத் துரு இல்லை. தூத்துக்குடியில், கடலுக்குப் பக்கத்தில், உப்புக்காற்றில் கதவுக் கீல் ஒரு மழைக்குத் தாங்காது. பெட்டியில் போட்டு மறந்துவிட்ட இரும்பு இப்படி இருக்காது. யாரோ வருஷா வருஷம் இதை வெளியே எடுத்திருக்கிறார்கள். துடைத்து, பழையதை வழித்து, புதிதாகத் தடவி, திரும்பச் சுற்றி வைத்திருக்கிறார்கள். அந்த ஊரில் இதைச் செருகிச் சுற்ற ஒரு வண்டியும் கிடையாது.

"பாப்பா, இங்க வா. நீ யாருன்னு சொல்லிக் கேட்ட?"

"க்ளப்னு சொன்னேன் ஆன்ட்டி. ஓனர் பேர் சொல்லக்கூடாதுல்ல, நம்ம ரூல்."

"அவுக என்ன கேட்டாவ?"

"யாருக்குன்னு கேட்டார்."

"நீ என் பேரச் சொல்லல."

"இல்ல ஆன்ட்டி."

அபூர்வாவுக்கு அப்போதுதான் உறைத்ததாம். அந்தப் பக்கத்து மனிதர் என்ன நினைத்திருப்பார்? இன்பராணி வண்டியை எவனுக்கோ கொடுத்துவிட்டாள், இனி இதை வைத்திருந்து என்ன செய்ய என்றுதானே நினைத்திருப்பார்? அவர் பிடியை விட்டுவிட்டார். அதை இவள் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

இன்பராணி நாலாவது காலைத் தொடவில்லை. கைப்பிடியை அதே துணியில் சுற்றினாள். அதே பிளாஸ்டிக்கை மேலே சுற்றினாள். ஆஸ்பத்திரிக்காரி, கட்டுப் போடுவது அவளுக்குச் சுலபம். "பேனா இருக்கா?" என்றாள். பெறுநர் இடத்தில் லூர்துராஜ் என்று எழுதினாள். அனுப்புநர் இடத்தில் இன்பராணி என்று எழுதினாள். கொஞ்சம் யோசித்து, அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதினாள்: கேரவன், மாதா கோயில் வளாகம், டெல்லி.

"என்னங்க சிஸ்டர் இது! கைக்கு வந்ததத் திருப்பி அனுப்பறீங்களே" என்றார் ரத்தினவேல். "மூணு கால் ஏறிப்போச்சு, ஒண்ணுதான் மிச்சம். ஈஸ்டருக்கு நாளில்லீங்களே!"

"அது கூரியர்ல வரக்கூடாது அண்ணாச்சி. கொண்டு போனவுக கையாலதான் வரணும்."

"தாம் புடிச்ச மொயலுக்கு மூணு காலுங்கறது இதுதானுங்க" என்று முனகிக்கொண்டே அவர் பெட்டியிலிருந்து பைப் ரெஞ்சை எடுத்தார். இன்பராணி ஒரு பார்வை பார்த்தாள். வார்டில் பீடி பிடிக்கிறவர்களைப் பார்க்கிற பார்வை. அவர் ரெஞ்சைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டார்.

8

அன்றைக்கு அபூர்வா வந்து சொன்னது இதுவரைக்கும்தான். இனிமேல் நான்தான் செய்ய வேண்டும். செய்து பார்த்தேன்.

முடிவு ஒன்று. பார்சல் தூத்துக்குடி போய்ச் சேருகிறது. லூர்துராஜ் அனுப்புநர் பெயரைப் பார்க்கிறான். அன்றைக்கே ரயிலேறுகிறான். (மனசு இதைத்தான் கேட்கிறது. எழுதியதும் சினிமாவாகி, பின்னால் இசை கேட்கத் தொடங்கியது. கிழித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு. அவன் கைப்பிடியை மறுபடியும் கூரியரில் அனுப்பிவிடுகிறான். ஏதோ தவறுதலாகத் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்து, இந்தத் தடவை இன்னும் பத்திரமாகச் சுற்றி. (இது என் கணவர் சொன்னது. "ஆம்பளைக்கு அவ்வளவுதான் புரியும்" என்றார். அனுபவசாலி.)

முடிவு மூன்று. பார்சல் வழியில் தொலைந்து போகிறது. அவள் இங்கே காத்திருக்கிறாள். அவன் அங்கே எதுவும் தெரியாமல் (இல்லை. இதை எழுத எனக்கு மனமில்லை. எழுதினால் தூக்கம் வராது.)

எழுதிய வரைக்கும் அபூர்வாவுக்கு வாசித்துக் காட்டினேன். சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து கேட்டாள். முடிந்ததும், "அப்புறம்? அவர் வந்தாரா?" என்றாள். அங்கே ஒவ்வொரு ஞாயிறும் போகிறவள் அவள், கேட்பது என்னிடம்.

"உனக்குத் தெரியாதா?"

"ஃபாதர் ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு வரை டைம் கொடுத்திருக்கார். ஆன்ட்டி தினமும் டூட்டி முடிஞ்சு வந்து உள்ள உக்காந்துக்கறாங்க. மேஜை மேல ஒரு டம்ளர்ல தண்ணி வெச்சிருக்காங்க. மூணு கால் மேல இருக்கா, வண்டி ஒரு பக்கமா சாஞ்சிருக்கு, தண்ணி வழியறது. துடைச்சுட்டு மறுபடியும் ஊத்தறாங்க." மடக்கிய காலைக் கீழே இறக்கினாள். "அம்மா, நீ ஏதாவது நல்லதா எழுதேன், ப்ளீஸ்."

தமிழில் எழுதச் சொல்லி அவள் என்னிடம் ஒன்றைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! எழுத உட்கார்ந்தேன்.

வளாகத்தின் கேட்டில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து

இதற்கு மேல் பேனா போகவில்லை. எத்தனையோ நாளாக இந்த வரியின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். என்னால் ஒருவரை இறக்கிவிட முடியும். சட்டைக்கு நிறம் கொடுக்க முடியும், கையில் ஒரு துணிச் சுருளைக் கொடுக்க முடியும். ஆனால் அது நானாகச் செய்தது, டூப்ளிகேட். கும்பலின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். முதலில் கேட்க வேண்டும். செய்வது கடைசியில்தான்.

ஆகவே கேட்கிறேன். இந்தக் கதை இப்போது உங்கள் கையில் இருக்கிறது, கடைசிக் கை நீங்கள்தான். எத்தனையோ வருஷமாக யாருக்கும் பயன்படாத ஒன்றை நீங்களும் எங்கேயோ துடைத்து, எண்ணெய் போட்டு, துணியில் சுற்றி வைத்திருப்பீர்கள். கேட்க வேண்டியவர் கேட்கவில்லை என்று வைத்திருப்பீர்கள். வண்டி யாருடையது என்பதை நான் மறைக்கவில்லை. அது இன்பராணியுடையது. அவள் உள்ளே டம்ளருக்கு நேரே குனிந்து உட்கார்ந்திருக்கிறாள்.

முடிவு உங்களிடம் இருந்தால் அனுப்பி வைக்காதீர்கள். நேரில் கொண்டு வாருங்கள்.